இரட்டைப் பதிவு

இரண்டு கொம்பனியும் ஒன்றாகிவிட்டதென்று
கொழும்பிலிருந்து கேக் வந்த நாளில்
களுவாஞ்சிக்குடிக் கிளையில் கரண்ட் இல்லை.
பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிய சுவரில்
வெயில் படாத ஒரு நீளச் சதுரம்
பெயரைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

மிஹ்லார் தன் கதிரையைத் தானே தூக்கி
ரோட்டைக் கடந்து வந்தான்.
ஆறு வருடமாக எதிர்க் கந்தோர்.
ஒரே படலைகளில்
செவ்வாயில் அவன் மோட்டார் சைக்கிள், வெள்ளியில் என் ஸ்கூட்டி.
ஈர மண்ணில் அவன் டயர்த் தடம் கண்டால்
இந்த வீட்டில் இன்று காசு இருக்காதென்று
இறங்கும் முன்பே எனக்குத் தெரியும்.
இப்போது ஒரே மேசை.
நடுவில் ஒரு ஸ்டேப்ளர்.
எந்தக் கொம்பனிச் சொத்தென்று தெரியாததால்
இருவரும் அதைத் தொடுவதில்லை.

ஆறும் கடலும் சேர்வது போல, என்றார்
பயிற்சி தர வந்தவர்.
முகத்துவாரம் வெட்டுகிற நாளில்
அவர் இங்கே நின்றதில்லை.

பிறகு பட்டியல் வந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு பேர்
இரண்டு தடவை பிறந்திருக்கிறார்கள்.
அவர்களிடம் பழைய அடையாள அட்டை, ஒன்பது இலக்கமும் ஒரு வீயும்.
எங்களிடம் புதியது, பன்னிரண்டு.
சீனித்தம்பி ஞானேஸ்வரி
அங்கே ஜீயில் தொடங்குகிறாள்
இங்கே என்னில்.
அங்கே கோழி வளர்ப்பு, இங்கே தையல்.
அங்கே விதவை.
இங்கே, கணவர் கட்டாரில் தொழில்.

*இவை ஒரே நபரா?* என்று கேட்டது திரை.

‘ரெண்டும் சரிதான் மிஸ்,’ என்றான் மிஹ்லார்.
‘கட்டார்லதான் அவர் மவுத்தானது.
உங்கட சிஸ்டத்துல மாத்தல்ல.’

இரண்டு வருடம்,
ஒவ்வொரு வெள்ளியும்
‘அவர் அனுப்பினவரா?’ என்று கேட்டிருக்கிறேன்.
‘ஓம் மிஸ், அனுப்பினவர்’ என்று
எண்ணித் தந்திருக்கிறாள்.

திகதி வாரியாக இரண்டு கணக்கையும் அடுக்கினேன்.
அவன் பங்குனியில் கொடுத்தது
என் நிலுவையில் விழுந்திருந்தது.
என் ஆவணி
அவன் பங்குனியைக் கட்டியிருந்தது.
ஒரே காசு ரோட்டைக் கடந்து
போய், வந்து, போய்,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடியிருந்தது.
எங்களை எப்போதோ இணைத்தவள் அவள்.
கொழும்பு, கேக்கோடு, பிந்தி வந்தது.

இணைத்தால் கூட்டுத்தொகை சிவப்பாகும்.
சிவப்புக்கு மூன்றாம் கடன் இல்லை.

புதன்கிழமை போனோம்.
அவன் முன்னால், நான் பின்னால்.
படலையில் இரண்டு வண்டியையும் சேர்த்துக் கண்டவள்
‘இண்டைக்கு என்ன நாள்?’ என்றாள்.
செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அவளிடம் பதில் இருந்தது,
புதனுக்கு இல்லை.
தையல் மெஷின் லாச்சியிலிருந்து ஒரு அட்டை,
அரிசி வாளிக்குக் கீழிருந்து மற்றது.
இரண்டையும் முதன்முதலாகப்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
ஒரு கோழி வந்து பார்த்துவிட்டுப் போனது.

‘மறுகா, இனி ஆருக்கிட்ட எடுத்து
ஆருக்குக் கட்டுற?’

மிஹ்லார் ஹெல்மெட்டின் பட்டியை
மாட்டினான், கழற்றினான்.

நானூற்றுப் பதினொன்றை இணைத்துவிட்டோம்.
மிச்சம் ஒன்றுக்குப் படிவம் எழுதினோம்:
*பெயர் ஒன்று, நபர் வேறு.*
கீழே இரண்டு கையெழுத்து.
இந்தப் புதுக் கொம்பனியில்
நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை.
ஸ்டேப்ளரை அவன்தான் எடுத்தான்.

நல்லதா செய்தோம், தெரியாது.
வட்டி இரண்டு பெயரிலும்
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.